படகில் போடாத காபி

எங்கள் குடும்பத்தில் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் போதும், பெரிய மாமாவின் புருவக் கதையை யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். கால்வாயில் போன படகில் ஸ்டவ் பற்றிக்கொண்டு மாமாவின் இடது புருவம் கருகிப்போன கதை. கேட்கிறவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், மாமா உட்பட. எனக்கு மட்டும் வயிறு எரியும். அன்றைக்குக் கை வெந்துபோனது சித்திக்கு. அந்தக் கையைப் பற்றி இத்தனை வருடங்களில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். யாருக்காவது மனத்தாங்கல் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் எங்கள் வீடு. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தாள். தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் மனையியல் டீச்சர். துணி வெட்டுவது, ஜாம் காய்ச்சுவது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடுப்பை எப்படிப் பராமரிப்பது என்று எல்லாம் சொல்லிக்கொடுப்பாள். முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அவளைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லாததால், அவளுக்கு மாப்பிள்ளை தேடும் பொறுப்பை அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணனான பெரிய மாமா தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சர்ச் கமிட்டியில் அவர் ஒரு முக்கியஸ்தர். எந்தக் காரியத்தையும் ஜெபத்தோடு தொடங்கி, மற்றவர்கள் தலையில் முடிப்பார்.

சித்தியைப் பார்க்க அதற்கு முன்பே சிலர் வந்து கேக்கும் மிக்சரும் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். அடுத்த வாரம் தண்ணீர்க் குழாயடியில், “என்ன டீச்சர், இதுவும் தகையலையா?” என்று விசாரணை நடக்கும். சித்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவாள். இந்தச் சங்கடம் இல்லாமலிருக்க மாமா ஒரு யோசனை கண்டுபிடித்தார். காணும் பொங்கலன்று ஊரே எங்காவது கிளம்பிப் போகும். அன்று நாங்கள் சோழிங்கநல்லூரிலிருந்து கால்வாயில் படகேறி முட்டுக்காடு பக்கம் பிக்னிக் போக வேண்டியது. அதே படகில் மாப்பிள்ளை வீட்டாரும் எதேச்சையாக வந்து சேரவேண்டியது. பெண் பிடித்தால் சம்பந்தம். பிடிக்காவிட்டால் பிக்னிக். தெருவுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. மாமாவுக்குத் தன் மூளையை நினைத்து அவ்வளவு பெருமை.

மாப்பிள்ளைக்கு அரசாங்க ஆபீசில் வேலை. பல்லாவரத்தில் சொந்த வீடு. அம்மாவும் அவரும் மட்டும்தான். ஏற்கனவே கல்யாணமாகி, மனைவி ஸ்டவ் வெடித்து இறந்துபோயிருந்தாள். “பிக்கல் பிடுங்கல் எதுவும் கெடையாது, கொழந்தகூட இல்ல” என்றார் மாமா. ஒரு பெண் எரிந்து செத்ததை, வீட்டில் கிணறு இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு பக்கம் என்பதைப் போல வசதிகளில் ஒன்றாகச் சேர்த்துச் சொல்ல அவர் நாக்கு கூசவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எங்களில் யாருக்கும் காது கூசவும் இல்லை. சித்தி மட்டும், “எப்படி வெடிச்சுதாம்?” என்று கேட்டாள். “ஸ்டவ்வுன்னா வெடிக்கத்தான் செய்யும். அதையெல்லாம் தோண்டித் துருவிக் கேப்பாங்களா?” என்று மாமா அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

பெண் கையால் காபி வாங்கிக் குடிக்காமல் பெண் பார்த்ததாகக் கணக்கு இல்லை. படகானாலும் சரி, ஆகாய விமானமானாலும் சரி, காபி வந்தாக வேண்டும். அதனால் சித்தியின் ஸ்டவ்வை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார் மாமா. அது பித்தளை பம்பு ஸ்டவ். சித்தி முதல் சம்பளத்தில் வாங்கியது. சனிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்து வைப்பாள். கேஸ் அடுப்பிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது எப்படி எரியும் என்று தெரிந்திருக்காது. தலைப்பகுதியைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி முதலில் கொளுத்த வேண்டும். தலை நன்றாகச் சூடேறியதும் காற்றுத் திருகை மூடிவிட்டு மெதுவாகப் பம்பு அடித்தால், மண்ணெண்ணெய் ஆவியாகி மேலே வந்து நீலமாக எரியும். சூடேறுவதற்குள் அவசரப்பட்டு அடித்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீய்ச்சிக்கொண்டு வந்து, கூரை உயரத்துக்கு மஞ்சளாகத் தீ எழும்பும். பொறுமை இல்லாதவர்கள் அதன் பக்கத்திலேயே போகக் கூடாது. மாமா பொறுமை இல்லாதவர்.

ஸ்டவ்வைக் கொண்டுவருகிறேன், ஆனால் படகைக் கரையில் கட்டிய பிறகுதான் பற்றவைப்பேன் என்று சித்தி முதல் நாளே சொல்லிவிட்டாள். மாமாவும் சரி சரி என்று தலையாட்டினார். சித்தி ஒரு மரப்பெட்டியில் பாதிக்கு மணல் நிரப்பி, ஸ்டவ் ஆடாமலிருக்க அதற்குள் புதைத்து வைத்தாள். மண்ணெண்ணெய் டின்னைத் தனியாக எடுத்துக்கொண்டாள். படகில் ஏறியதும் அந்த டின்னைக் கொண்டுபோய் மறுகோடியில் வைத்தாள். ஒரு கோணிச்சாக்கைக் கால்வாய்த் தண்ணீரில் நனைத்து, பிழியாமல் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். அதைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா முகத்தைச் சுளித்தார். நல்ல புடவைகளுக்கு நடுவில் ஈரச் சாக்கு எதற்கு என்று மாமாவும் சித்தியை முறைத்தார். சித்தி அசையவில்லை.

அது சவுக்கு விறகு ஏற்றும் படகு. மாமாவுக்குத் தெரிந்த விறகுக் கடைக்காரர் அன்றைக்கு மட்டும் இரவல் கொடுத்திருந்தார். கழுவிப் பாய் விரித்திருந்தாலும் பலகை இடுக்கெல்லாம் விறகுச் சருகு. பெண்களுக்கு வெயில் படக்கூடாது என்று நடுவில் புதிதாக ஓலைக்கூண்டு கட்டவைத்திருந்தார் மாமா. காய்ந்த ஓலை, கை பட்டாலே முறுமுறு என்றது. ஒரு படகுக்காரர் கரையில் நடந்தபடி கயிற்றைப் பிடித்து இழுத்தார். இன்னொருவர் பின்னால் நின்று கழி ஊன்றினார். கடல் பக்கமிருந்து காற்று விடாமல் அடித்தது. நான் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து தண்ணீரில் கைவிட்டுக்கொண்டே வந்தேன். அதுவரை எனக்கு அந்தப் பயணம் ரொம்பப் பிடித்திருந்தது.

மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பேசினார். சித்தியின் வயது, சம்பளம், பாட்டு தெரியுமா, கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடுவாளா, தலைமுடி அவளுடையதுதானா என்று எல்லாம் கேட்டு முடித்தார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“காபி நேரம் தாண்டிப்போச்சு. இதுக்கு மேல போனா எனக்கு மண்டைய இடிக்கும்.”

“இதோ, பொண்ணு கையாலயே போட்டுத் தரச் சொல்றேங்க” என்றார் மாமா.

“கரையில நிறுத்தச் சொல்லுங்கண்ணா, இறங்குன உடனே போட்டுடறேன்” என்றாள் சித்தி. “படகுக்குள்ள பத்தவைக்கக் கூடாது. கூரை பூரா காஞ்ச ஓலை. படகு ஆடுது. ஸ்பிரிட் சிந்துனா எங்க ஓடும்னு சொல்ல முடியாது. எண்ணெய் பலகைக்குக் கீழ இறங்கிடுச்சுன்னா அணைக்கவும் முடியாது.”

மரியாதையாகத்தான் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனால் பெண் பார்க்கிற இடத்தில் பெண் வாயிலிருந்து ‘கூடாது’ என்ற வார்த்தை வரலாமா? மாப்பிள்ளையின் அம்மா மாமாவைப் பார்த்தார்.

“ஒரு டம்ளர் காபிக்கு இவ்வளவு சட்டமா? வாக்கப்பட்டு வர்ற எடத்துல என்னென்ன சட்டம் பேசுமோ.”

கழி ஊன்றிக்கொண்டிருந்த படகுக்காரரும் சொல்லிப் பார்த்தார். “அம்மா சொல்றது கரீட்டுதான் சார். நாங்களே கரைலதான் அடுப்பு மூட்டுவோம். கூண்டாண்ட நெருப்பு வோணாம் சார், காத்து வேற பேஜாரா கீது.”

“நீ உன் வேலையப் பாருப்பா” என்றார் மாமா.

அதன் பிறகு மாமா செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பெட்டியிலிருந்து ஸ்டவ்வை உருவி எடுத்தார். காற்றில் பற்றாது என்று அதைக் கூண்டுக்குள்ளேயே, பாய்க்கு மேல், தினசரித் தாளை விரித்து வைத்தார். வரப்போகும் காபியையும் வரப்போகும் சம்பந்தத்தையும் ஆசீர்வதிக்கும்படி கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். கண்ணைத் திறந்த கையோடு கிண்ணம் வழிய ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தினார். சித்தி, “அண்ணா, வேணாம்ணா” என்று எழுந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து படகு கரையில் இடித்தது. பற்றிய ஸ்பிரிட் தளும்பித் தாளில் விழுந்தது. பதறிப்போன மாமா, ஸ்டவ் பற்றிக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைத்தோ என்னவோ, பம்பைப் பிடித்து அடி அடி என்று அடித்தார்.

மஞ்சளாக ஒரு தீ எழும்பி ஓலையைத் தொட்டது. அம்மா அலறினாள். அப்பா என்னை இடுப்போடு தூக்கிக் கரைப்பக்கம் கொண்டுபோய்விட்டார். நான் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமா சொம்பால் கால்வாய்த் தண்ணீரை மொண்டு ஊற்றினார். ஊற்றின தண்ணீரின் மேலேயே எண்ணெய் எரிந்துகொண்டு பாயின் மறுபக்கத்துக்கு ஓடியது. மாப்பிள்ளை அதற்குள் கரையில் குதித்து நின்றிருந்தார். தன் அம்மாவைக்கூட இறக்கிவிடாமல் குதித்துவிட்டார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

சித்தி மாமாவை ஒரே தள்ளாகத் தள்ளினாள். ஜொலித்துக்கொண்டிருந்த தீக்குள் கையை விட்டுக் காற்றுத் திருகைத் திறந்தாள். உஸ் என்று காற்று இறங்கியதும் தீ படுத்துக்கொண்டது. ஈரச் சாக்கை எடுத்து ஸ்டவ்வின் மேல் போட்டு மூடினாள். பெட்டியை அப்படியே கவிழ்த்து, ஓடிய எண்ணெயின் மேல் மணலைக் கொட்டினாள். புகைந்த ஓலையைப் படகுக்காரர் கழியால் குத்திப் பிய்த்துத் தண்ணீரில் தள்ளினார். அவ்வளவுதான், முடிந்தது. யார் முடியும் கருகவில்லை, மாமாவின் புருவத்தைத் தவிர.

கரையில் ஒரு சவுக்குத் தோப்பு. எல்லோரும் போய் மணலில் உட்கார்ந்தோம். அம்மா மாமாவின் புருவத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். அப்பா விசிறினார். மாப்பிள்ளை தண்ணீர் கொடுத்தார். சித்தி தனியாகப் போய் உட்கார்ந்து, வலது கையைத் தண்ணீர்க் குடத்துக்குள் விட்டபடி இருந்தாள். உள்ளங்கையும் இரண்டு விரல்களும் வெளுத்துத் தோல் சுருங்கியிருந்தன. ஆறு பேரைக் காப்பாற்றினவளைச் சீந்த ஆள் இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். “வலிக்குதா சித்தி?” என்றேன். “கொஞ்சம்” என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பேச்சு திரும்பியது. “காபி கேட்டதுக்கே இந்தப் பாடு. இதுக்குத்தான் நான் பம்பு ஸ்டவ்வ வீட்டுக்குள்ளயே விடறதில்ல. எங்க வீட்டுல எப்பவும் திரி ஸ்டவ்தான்.”

குடத்துக்குள் இருந்த சித்தியின் கை அசையாமல் நின்றுபோனது.

“எப்பவுமேன்னா?” என்று கேட்டாள்.

“எப்பவுமேதான். எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து. பம்பு ஸ்டவ் எங்க வாசப்படி ஏறினதில்ல.”

“அப்போ உங்க மருமகளுக்கு எந்த ஸ்டவ் வெடிச்சுது?”

திரி ஸ்டவ் என்பது ஒன்றுமில்லை. கீழே ஒரு தொட்டியில் எண்ணெய், அதில் தோய்ந்த பத்துத் திரி, அகல்விளக்கு எரிவதைப் போல எரியும். பம்பு கிடையாது, காற்று அடைப்பது கிடையாது. தீப்பிடிக்கலாம், கவிழலாம். பம்பு ஸ்டவ் மாதிரி வெடிக்க அதில் எதுவும் இல்லை. எனக்கே அது தெரியும், ஏனென்றால் சித்தி வீட்டில் சொல்லித் தந்திருந்தாள். அதனால் நல்ல கேள்விதானே என்று நானும் பதிலுக்காக அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா, “ஏய், பேசாம இரு” என்று பல்லைக் கடித்தார். சித்தி மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்க.”

அவர் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் ஆபீஸ்ல இருந்தேன்.”

“இவ என்ன போலீசா?” என்று அந்த அம்மா எழுந்துகொண்டார். “கர்த்தர் சித்தம், எடுத்துக்கிட்டார். அதையெல்லாம் கிளறிக் கேக்கறதுக்கா எங்கள வெயில்ல கூட்டிட்டு வந்தீங்க?”

காபியே போடாமல் படகு திரும்பியது. வழியெல்லாம் மாமா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். எதற்கு? படகைக் கொளுத்தப் பார்த்ததற்கு இல்லை. சித்தி கேள்வி கேட்டதற்கு.

இரண்டே நாளில் பல்லாவரத்திலிருந்து பதில் வந்துவிட்டது. பெண்ணுக்கு வாய் நீளம், ஒத்துவராது. எங்கள் வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. சொந்த வீடு, அரசாங்க வேலை, பிக்கல் பிடுங்கல் இல்லாத இடம், இப்படிக் கைநழுவிப் போய்விட்டதே என்று அம்மா அழுதாள். மாமா ஒரு மாதம் சித்தியோடு பேசவில்லை. எதையும் நிதானமாகச் சொல்லும் அப்பாகூட, “கேட்டது தப்பில்ல, ஆனா அத அப்புறமா கேட்டிருக்கலாம்” என்றார். அப்புறம் என்றால் எப்போது? அந்த வீட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டா? அப்பாவிடம் அப்போது இதைக் கேட்க எனக்குத் தெரியவில்லை. சித்தி கட்டுப்போட்ட கையோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். கரும்பலகையில் எழுத முடியாமல் மாணவிகளை விட்டு எழுதச் சொன்னாளாம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பிறகு நான் வளர்ந்து பேப்பர் படிக்கத் தொடங்கிய காலத்தில், ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு என்று மூலையில் நாலு வரிச் செய்தி அடிக்கடி வரும். சமைத்துக்கொண்டிருந்தபோது, சேலையில் தீப்பிடித்து, மருத்துவமனையில். நாட்டில் எத்தனையோ மாமியார்கள் சமைத்தார்கள், எத்தனையோ ஓட்டல்களில் ஆண்கள் சமைத்தார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஸ்டவ்கள் தேடித் தேடிப் புது மருமகள்களின் முன்னால் மட்டும்தான் வெடித்தன. எல்லோரும் படித்தார்கள், உச்சுக்கொட்டினார்கள், பக்கத்தைத் திருப்பினார்கள். எந்த ஸ்டவ், யார் கூட இருந்தது, கதவு ஏன் சாத்தியிருந்தது என்று ஒருவர் கேட்டிருந்தால்? எங்கள் வீட்டில் ஒருத்தி கேட்டாள். அவளுக்கு வாய் நீளம் என்று பட்டம் கொடுத்தோம்.

ஈஸ்டர் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் ஓலை வாசித்தார்கள். கல்யாணம் ஆகப்போகிறவர்களின் பெயரை ஆராதனையில் மூன்று வாரம் படித்து, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் சபையைக் கேட்பார். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அன்று படித்தது பல்லாவரத்து மாப்பிள்ளையின் பெயர். பெண், எங்கள் கொயரில் பாடுகிற ஓர் அக்கா. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வருவாள். பள்ளிக்கூடப் படிப்பை முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அப்பா கிடையாது, அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. சித்தி என் கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகி எனக்கு வலித்தது.

ஆராதனை முடிந்ததும் சித்தி என்னையும் இழுத்துக்கொண்டு நேராக ஆயரின் அறைக்குப் போனாள். உள்ளே ஆயரும் கமிட்டிக்காரர்களும் காணிக்கைப் பைகளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மாமாவும் இருந்தார்.

“தடை கேட்டீங்களே ஐயா. சொல்ல வந்திருக்கேன்.”

“சொல்லும்மா” என்றார் ஆயர்.

“அவங்க வீட்டுல இருந்தது திரி ஸ்டவ். அது வெடிக்காது. மொத மனைவி எப்படி இறந்தாங்கன்னு விசாரிக்காம இந்தக் கல்யாணத்த நடத்தி வைக்காதீங்க.”

ஆயர் கையிலிருந்த காணிக்கைப் பையைக் கீழே வைத்தார். பிறகு கமிட்டிச் செயலாளர் கனைத்துக்கொண்டார். நெருங்கின உறவாக இருக்கிறதா, வயது போதவில்லையா, வேறு மனைவி உயிரோடு இருக்கிறாளா, இப்படி ஏதாவது இருந்தால்தான் தடை என்று விளக்கினார். “ஸ்டவ்வெல்லாம் தடையில வராதும்மா” என்றார். யாரோ சிரித்தார்கள். போலீசில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள், அதற்கு மேல் நாம் யார் என்று ஆயர் மெதுவாகச் சொன்னார். மாமாவின் முகம் கன்றிப்போயிருந்தது. “இவளுக்கு அமையலைன்னு...” என்று ஆரம்பித்து முடிக்காமல் நிறுத்தினார். முடிக்கத் தேவை இருக்கவில்லை. நாங்கள் வெளியே வருவதற்குள் அந்தப் பேச்சு வேப்பமரத்தடியில் நின்ற பெண்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. பொறாமை பிடித்த கிழட்டுப் பெண் என்று என் காதுபட ஒருத்தி சொன்னாள். அவள் காலை மிதித்துவிட்டு வந்தேன். அன்று அந்த ஒரு காரியம்தான் எனக்குத் திருப்தியாக இருந்தது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ராஜகீழ்ப்பாக்கம் போனாள். தனியாகப் போனால் சண்டைக்கு வந்ததாக நினைப்பார்கள் என்று என்னைச் சேர்த்துக்கொண்டாள் போலிருக்கிறது. சின்ன ஓட்டு வீடு. அந்த அக்காவின் அம்மா எங்களை உட்காரச் சொன்னார். சித்தி பேச ஆரம்பித்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

“டீச்சர், சர்ச்சுல நீங்க பேசுனது எல்லாம் என் காதுக்கு வந்துச்சு. அவுங்க நகை கேக்கல, சீர் கேக்கல, கட்டுன பொடவையோட அனுப்புன்றாங்க. இத்த வுட்டா என் பொண்ணுக்கு வேற எவன் வருவான்? ஒங்களுக்குக் கெடைக்கலைன்னு என் பொண்ணு வாழ்க்கைல மண்ணப் போடாதீங்க. ஒங்கள கையெடுத்துக் கும்புடறேன்.”

நிஜமாகவே கும்பிட்டார். கண்ணில் தண்ணீர். சித்தி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள். அதற்கு மேல் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. “தெருமுனைவரைக்கும் உங்க பொண்ணு எங்களக் கொண்டுவந்து விடட்டும்” என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவர் மறுக்கவில்லை.

அந்தக் கல்யாணம் நடந்தது. மாமா போய் மொய் எழுதிவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்து வெளியூர் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். பிறகு அந்த அக்கா என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை, சித்தியை விசாரிக்க விடவும் இல்லை. புருவக் கதையைச் சொல்லிச் சிரிக்க மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது.

ராஜகீழ்ப்பாக்கம் போன அன்று சாயங்காலம் தெருமுனைக்கு வந்ததும் சித்தி நின்றாள். அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு தாவணி முனையைத் திருகிக்கொண்டிருந்தாள். சித்தி தன் வலது கையால் அவள் முகத்தை நிமிர்த்தினாள். உள்ளங்கையில் புதுத்தோல் இன்னும் சிவப்பாக இருந்தது.

“நான் சொல்றத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. அந்த வீட்டுல அடுப்பு பத்தவைக்கும்போது நீ தனியா இருக்கணும். சமையல்கட்டுல வேற யாரும் நிக்கக்கூடாது. யாராவது பின்னால வந்து நின்னா, பாதிச் சமையலா இருந்தாலும் அணைச்சுட்டு வெளிய வந்துடு. மண்ணெண்ணெய் டின் எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டே இரு. எடம் மாறியிருந்தா அன்னிக்கு அடுப்பே பத்தவைக்காத. நேரா கெளம்பி என்கிட்ட வந்துடு.”

அந்த அக்கா சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையாட்டிவிட்டுத் திரும்பி வேகமாக நடந்துபோனாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டவ் பற்றவைக்கும்போது பக்கத்தில் எப்போதும் இன்னொருவர் இருக்க வேண்டும் என்றுதான் சித்தி வகுப்பில் சொல்லித்தருவாள், பரீட்சையில் அதற்கு மார்க் உண்டு. பஸ் வரும்வரை கேட்டேன், பஸ்ஸிலும் கேட்டேன். “ஏன் சித்தி அந்தக்காகிட்ட தப்புத் தப்பா சொன்னீங்க?” சித்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு டீச்சரே இப்படித் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தால், அந்த அக்கா தனியாக இருக்கும்போது தீப்பிடித்துக்கொண்டால் அவள் மாமியார் எப்படி ஓடிவந்து அணைப்பார் என்று சேலையூர் வந்து சேரும்வரை சித்தியோடு சண்டை போட்டேன்.